சிரிப்பை எழுதியவர்

உவரியிலிருந்து கடலோரமாகத் தென்மேற்கே நடந்தால் இடிந்தகரையும் கூடங்குளமும் கடந்து குமரிமுனை வரும். அங்கிருந்து வடமேற்கே திரும்பினால் நாஞ்சில் நாட்டின் வயல்வெளி. செம்மணல் தேரியும் உப்புக்காற்றும் நெற்கழனியும் மாறிமாறி வரும் இந்நிலப்பகுதி முழுமைக்கும் பொதுவான கலையொன்று உண்டு. அதுவே வில்லுப்பாட்டு. கோயில் கொடை நாள்களில் மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண்குடத்தின்மீது சாய்த்துக் கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டியபடி, உடுக்கையும் தாளமும் கட்டையும் துணையிருக்க இரவு முழுவதும் கதை பாடுவர். சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்துப்பட்டன் கதை என நீளும் அப்பாடல்கள் பெரும்பாலும் துயரமும் கொலையும் நிறைந்தவை. ஆயினும் கூட்டம் விடியும்வரை கலையாமல் அமர்ந்திருக்கும். தலைமைப் பாடகர் ஒன்றைச் சொல்ல, அருகிலிருக்கும் பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போடுவார். அறியாதவர்போல இடையில் ஒரு கேள்வியும் கேட்பார். அக்கேள்வியில் கூட்டம் சிரித்துவிடும். சிரித்து ஓய்ந்த நெஞ்சில் அடுத்து வரும் துயரம் ஆழமாக இறங்கும்.

இக்கலையில் தொடங்கித் தமிழ்த்திரைக்கு வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை; தாய் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டில் பாடப்பெறும் தெய்வங்களின் பெயர்களே பெற்றோரின் பெயர்களாக அமைந்த வீடு அது. நாகர்கோவில் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததன்று. திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆட்சி வேறாயினும் பேச்சும் பாட்டும் நெல்லைச் சீமையோடு ஒன்றியே இருந்தன.

வறுமையின் காரணமாகக் கிருஷ்ணனின் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. கடையில் வேலை செய்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கச் சென்ற இடத்தில் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமே மிகுதியாக இருந்திருக்க வேண்டும். வில்லுப்பாட்டுக் குழுவில் பாடிப் பழகிய அச்சிறுவர் பின்னர் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

எழுதப்படாத வேடம்

சங்கரதாசு சுவாமிகள் வகுத்த நெறியில் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பெற்ற நாடகக் குழுக்கள் அக்காலத்தில் பாய்ஸ் கம்பெனி எனப்பட்டன. பாட்டும் வசனமும் நடிப்பும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. தவறினால் அடியும் விழும். டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய குழுவில் கிருஷ்ணன் வளர்ந்தார். எந்த நடிகர் வராமற்போனாலும் அவருடைய வேடத்தை ஏற்கத்தக்கவராக விளங்கினார். டி.கே. சண்முகத்துக்கும் அவருக்கும் இடையே தோன்றிய நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

அந்நாளைய நாடகங்களில் அரசனுக்கும் அரசிக்கும் முனிவருக்கும் பாட்டும் உரையாடலும் எழுதப்பட்டிருந்தன. பபூன் எனப்பட்ட கோமாளிக்கோ பெரும்பாலும் எழுத்து இல்லை. அவர் மேடைக்கு வந்து, அன்றைய கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிப்பூட்டிவிட்டுச் செல்வார். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். நன்றாக அமைந்த நாளில் கொட்டகை அதிரும். அமையாத நாளில் கொச்சையைத் துணைக்கு அழைப்பார். யாரும் அதைக் குறித்து வைப்பதில்லை; மறுநாள் அது காற்றோடு போயிருக்கும். நாடகத்தின் பிற உறுப்புகள் அனைத்தும் ஆசிரியரைப் பெற்றிருக்க, சிரிப்புக்கு மட்டும் ஆசிரியர் இல்லை. கிருஷ்ணனின் வாழ்க்கைப் பணி இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மேடையிலிருந்து திரைக்கு

தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடகக் குழுக்கள் முழுமையாகத் திரைக்குப் பெயர்ந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க, ராஜா சாண்டோ இயக்கிய மேனகா 1935இல் வெளிவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவிய அப்படத்தில் கிருஷ்ணனும் நடித்தார். மறு ஆண்டு வந்த சதிலீலாவதி தமிழ்த்திரைக்கு ஒரே படத்தில் பலரை அளித்தது. எம்.ஜி. இராமச்சந்திரனும் டி.எஸ். பாலையாவும் அதன் வழியாகவே திரையில் தோன்றினர். எஸ்.எஸ். வாசனின் கதையான அது, குடியால் சிதைந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் ஒருவனைப் பற்றியது.

அப்படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். ஒகையோ மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் திரைக்கலை பயின்று இந்தியா வந்தவர், தமிழ் அறியாதவர். மொழி தெரியாத இயக்குநர் ஒரு நகைச்சுவைக் காட்சியை எவ்வாறு வழிநடத்த இயலும்? சொல்லில் பிறக்கும் சிரிப்பு அவருக்கு எட்டாது. அப்பொறுப்பைக் கிருஷ்ணன் ஏற்றார். தாம் தோன்றும் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதிக்கொண்டார். நடிகர் ஒருவர் தமக்குரிய நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே தனியாக எழுதி அமைக்கும் வழக்கம் தமிழ்த்திரையில் இவ்வாறு தொடங்கியது.

டங்கன் புறப்பட்டு வந்த நாட்டில் இத்தொழில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1912இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தில், சிரிப்புக்கான வழிகளைச் சிந்திப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். யார் எங்கே வழுக்கி விழ வேண்டும், விழுந்தவர் எழும்போது எது உடைய வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்வதே அவர்கள் வேலை. திரையில் அவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அது பேசாப்படக் காலம். ஆதலால் அவர்கள் எழுதியவை பெரும்பாலும் உடலின் அசைவுகளே. சார்லி சாப்ளின் அந்நிறுவனத்தில் 1914இல் நடிக்கத் தொடங்கி, விரைவிலேயே தம் படங்களைத் தாமே எழுதி இயக்கலானார். கிருஷ்ணனை இந்தியாவின் சாப்ளின் என்று பிற்காலத்தில் பலரும் புகழ்ந்தனர். தமக்குத் தாமே எழுதிக்கொண்டவர் என்ற வகையில் அவ்வொப்புமை பொருந்தும். பிறவற்றில் பெரிதும் பொருந்தாது. சாப்ளினின் நகை உடலில் பிறந்தது. கிருஷ்ணனின் நகை பேச்சிலும் பாட்டிலும் பிறந்தது. கேட்டால்தான் சிரிப்பு வரும்.

மேடையில் அரைமணி நேரம் தோன்றியபடி பேசலாம். படச்சுருளுக்கு அது ஆகாது. சுருள் விலையுயர்ந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டாம் உலகப்போரின்போது கச்சாச் சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என அரசு வரையறுத்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குள் கதையும் வேண்டும், பாடல்களும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். இந்நெருக்கடியில் வாய்க்கு வந்ததைப் பேசும் பபூன் பிழைக்க முடியாது. எந்தச் சொல் எந்த இடத்தில் விழவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி எழுதுபவரே பிழைப்பார்.

இணைந்த குரல்

1936இல் வசந்தசேனா என்னும் படத்தின் பணிக்காகப் புனே சென்ற இடத்தில் டி.ஏ. மதுரம் என்னும் நடிகையைக் கிருஷ்ணன் சந்தித்தார். திருச்சிப் பகுதியைச் சேர்ந்த மதுரம் நன்றாகப் பாடுபவர். அதைவிட நன்றாக எதிர்ப்பேச்சுப் பேசுபவர். கிருஷ்ணனுக்கு நாகம்மாள் என்பவருடன் முன்பே திருமணம் நடந்திருந்தது. மதுரத்தையும் அவர் மணந்துகொண்டார். அதுமுதல் இருவர் பெயரும் இணைந்தே வழங்கலாயிற்று.

இவ்விருவர் தோன்றும் காட்சிகளை ஊன்றிப் பார்த்தால் வில்லுப்பாட்டின் அமைப்பு விளங்கும். ஒருவர் சொல்வார், மற்றவர் குறுக்கிடுவார். கிருஷ்ணன் பெரிய அறிவாளிபோலத் தொடங்கி அளந்துகொண்டே செல்வார். மதுரம் ஒரு சிறு கேள்வியால் அவரைக் கவிழ்ப்பார். காட்சிகளை எழுதுபவர் கணவர். அக்காட்சிகளில் பலமுறை தோற்பவரும் அவரே. பெண் பேதையாகவும் ஆண் அறிவுரைப்பவனாகவும் காட்டப்பட்ட அந்நாளைய திரையில், வெற்றிச் சொல்லை மனைவியின் வாயில் வைத்து எழுதியது சிறு செயலன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, பிறரை இகழ்தல், இளமைத்தன்மை, அறியாமை, மடமை என அதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். மேடைப் பபூனுக்கு எளிதாகக் கைவந்தது முதலாவது. உடற்குறை உடையவர், திக்கிப் பேசுபவர், வேற்றூர்க்காரர் ஆகியோரை இகழ்ந்தால் கூட்டம் உடனே சிரிக்கும். கிருஷ்ணன் அவ்வழியை விட்டு விலகினார். அறியாமையையும் மடமையையும் எடுத்துக்கொண்டு, அவற்றையும் பெரும்பாலும் தம்மீதே ஏற்றிக்கொண்டார். பார்ப்பவர் முதலில் அவரைப் பார்த்துச் சிரிப்பர். சற்று நேரம் கழித்து, அம்மடமை தம் வீட்டிலும் உள்ளதே என்பது அவர்களுக்கு உறைக்கும்.

1937இல் டங்கன் இயக்கிய அம்பிகாபதியில் கிருஷ்ணனும் மதுரமும் நடித்தனர். அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். தமிழ்த்திரையின் பேச்சுக்கு இலக்கிய நயம் ஊட்டியவர் என அவர் போற்றப்படுகிறார். அப்புகழ் தகுதியானதே. ஆனால் அப்படங்களில் இன்னொரு தமிழும் ஒலித்தது. தலைவனும் தலைவியும் இளங்கோவனின் செந்தமிழில் காதல் பேச, கிருஷ்ணனும் மதுரமும் சந்தைத் தமிழில் சண்டையிட்டனர். கண்ணகி (1942), ஹரிதாஸ் (1944) முதலிய படங்களிலும் இவ்விரு தமிழும் அருகருகே நடந்தன. முதலாவதன் ஆசிரியரைத் திரை வரலாறு நினைவில் வைத்தது. இரண்டாவதன் ஆசிரியரை நடிகர் என்று மட்டுமே பலரும் நினைவில் கொண்டுள்ளனர்.

1940இல் வெளிவந்த சகுந்தலை இதற்கு நல்ல சான்று. எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த அப்படத்தையும் டங்கனே இயக்கினார். காளிதாசனின் நாடகத்தில் மோதிரத்தை மீன் வயிற்றில் கண்டெடுக்கும் மீனவன் சிறிது நேரமே தோன்றுவான். காவலரிடம் சிக்கி, பின் பரிசு பெற்றுச் செல்வான். கிருஷ்ணன் அச்சிறு பாத்திரத்தைப் பற்றிக்கொண்டார். தாமும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாகத் தோன்றி வாதிடும் காட்சிகளாக அதனை விரித்தார். பேரரசனின் மறதியால் எழுந்த துயரக் கதையில், வலை வீசிப் பிழைக்கும் இருவருக்கும் பேச இடம் கிடைத்தது. கடற்கரை மக்களின் அன்றாடத்தை அருகிலிருந்து கண்ட நாட்டில் பிறந்தவர்க்கு அது இயல்பாகவே வந்திருக்கும்.

பின்னாளில் அவரைச் சுற்றி ஒரு குழுவே உருவாயிற்று. துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, கொளத்து மணி போன்றோர் அவருடன் தொடர்ந்து நடித்தனர். பாடல்களுக்கு உடுமலை நாராயணகவி துணைநின்றார். பொத்தானைத் தட்டினால் தட்டில் இட்டலி வந்து விழும் காலத்தைக் கனவு காணும் பாட்டும், விதவிதமான சிரிப்புகளைச் சிரித்துக் காட்டும் பாட்டும் இன்றும் முதியோர் பலர் நினைவில் உள்ளன. பிற்காலத்தில் நெல்லைப் பகுதியிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்னும் இளங்கவிஞரைச் சென்னைக்கு அழைத்துவந்து, தம் நகைச்சுவைப் பகுதிகளை எழுதும் பணியில் ஈடுபடுத்தினார். வில்லுப்பாட்டைப் பின்னர் நாடறியச் செய்தவர் அவரே.

கிருஷ்ணனின் நகைச்சுவைக்கு இருந்த வரவேற்பு ஒரு தீமையையும் விளைவித்தது. கதைக்கும் அதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்ற கவலை படமுதலாளிகளுக்கு இல்லை. முதன்மைக் கதை ஒருபுறம் எடுக்கப்படும். நகைச்சுவைப் பகுதி மற்றொருபுறம் எடுக்கப்படும். இறுதியில் இரண்டையும் வெட்டி ஒட்டுவர். கண்ணீர்க் காட்சி முடிந்த மறுநொடி தொடர்பில்லாத ஒருவர் வந்து சிரிக்கவைப்பார். தமிழ்ப்படங்கள் பல ஆண்டுகள் சுமந்த இக்குறையின் தொடக்கத்தில் கிருஷ்ணனுக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அவரால் இயன்ற இடங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களை முதன்மைக் கதையின் உறவினராகவோ ஏவலராகவோ ஆக்கி, பெரியவர்கள் பேசத் தயங்கியதை அவர்கள் வாயால் பேசவைத்தார். தீண்டாமை, குடி, மூடநம்பிக்கை, பொருந்தா மணம் ஆகியவை தனிச் சொற்பொழிவாக வந்தால் கூட்டம் எழுந்து போயிருக்கும். சிரிப்போடு வந்ததால் அமர்ந்து கேட்டது.

சிறையும் கொட்டகையும்

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் பெரும் வெற்றி பெற்றது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நாயகராக நடித்த அப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வெளிவந்த சில வாரங்களிலேயே இருவர் வாழ்விலும் இடி விழுந்தது. திரைக்கலைஞர்களின் தனிவாழ்க்கையைத் தூற்றி எழுதிவந்த இதழாளர் இலட்சுமிகாந்தன் நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்காகச் சென்னைக்கே திரும்பியது. வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாகி விடுதலை பெற்றனர்.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். அவ்வாண்டுகளில் பெரும்பகுதி பிராட்வேயில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தது. சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் கிருஷ்ணன் இருக்க, அவர் முன்பே எண்ணி அமைத்த இடங்களில் ஒவ்வொரு நாளும் மக்கள் சிரித்துக்கொண்டிருந்தனர்.

வெளியில் மதுரம் சோர்ந்து அமரவில்லை. கணவரின் பெயரிலேயே நாடகக் குழு அமைத்தார். எஸ்.வி. சகஸ்ரநாமம் அவருக்குத் துணைநின்றார். அக்குழுவின் பைத்தியக்காரன் நாடகம் வரவேற்புப் பெற்று, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே கிருஷ்ணன் விடுதலையானார். உடனே அவருக்கென ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. சிறைக்குச் சென்று வந்த ஒருவன் தான் கண்டதை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் பாட்டு ஒன்றும் அப்படத்தில் இடம்பெற்றது. கொலைப்பழியும் சிறைவாசமும் ஒருவர் மறைக்க விரும்பும் செய்திகள். அவற்றையே பாடுபொருளாக்கித் திரையில் வந்து நின்றார் கிருஷ்ணன். விடுதலைக்குப் பின் பாகவதரின் புகழ் பழைய நிலையை எய்தவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். தெய்வீக நாயகனாகப் போற்றப்பட்டவர்மீது விழுந்த நிழல் எளிதில் மறைவதில்லை. தன்னைத்தானே பேதையாகக் காட்டிக்கொண்டவரோடு மக்கள் எளிதில் மீண்டும் சேர்ந்துகொள்வர்.

நல்லதம்பியும் கிந்தனாரும்

1949இல் கிருஷ்ணன் தாமே நாயகராக நடித்து நல்லதம்பி என்னும் படத்தை வெளியிட்டார். அதற்கு எழுதியவர் அறிஞர் அண்ணா. கதையின் வேர் அமெரிக்காவில் இருந்தது. சிற்றூரில் வாழும் எளிய மனிதனுக்கு எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வருகிறது; நகரத்தார் அவனை ஏமாற்ற முயல்கின்றனர்; அவனோ செல்வத்தை ஏழைகளுக்கு அளிக்க விழைகிறான். ஃபிராங்க் காப்ரா 1936இல் இயக்கிய மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் என்னும் படத்தின் கரு இது. அந்தக் காப்ராவும் பேசாப்படக் காலத்தில் சென்னட் முதலியோரின் நிறுவனங்களில் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதித் தொழில் கற்றவரே. பெயர் வராத அறையிலிருந்து வந்த ஒருவர் உருவாக்கிய கதை, எழுத்தில் வராத பபூன் மரபிலிருந்து வந்த மற்றொருவரிடம் வந்து சேர்ந்தது.

தமிழில் கதை வேறு மண்ணில் வேர்கொண்டது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1948 அக்டோபர் 2ஆம் நாள். மறு ஆண்டு வந்த நல்லதம்பி மதுவிலக்கைத் தன் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது. அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் கிருஷ்ணனின் படைப்புகளுள் தனிச்சிறப்புடையது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அடியொற்றி உடுமலை நாராயணகவி அதற்குப் பாடல்கள் எழுதினார்.

நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கினார். கிந்தன் பள்ளிக்குச் செல்ல ஏங்குகிறான். நந்தனாரைத் தடுத்தவர் பண்ணையார். கிந்தனைத் தடுப்பது ஊரும் ஆசிரியரும். அடிபட்ட சிறுவன் இரயிலேறிப் பட்டணம் போகிறான். படிக்கிறான். கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். அன்று விரட்டிய ஆசிரியரே மாலையோடு வரவேற்க நிற்கிறார். பாகவதர்போல் ஆடையணிந்து, பக்கவாத்தியங்கள் சூழ, காலட்சேபத்துக்குரிய அத்தனை இலக்கணத்தோடும் கிருஷ்ணன் அதை நிகழ்த்தினார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. வடிவம் பழையது, புனிதமானது. உள்ளே வருவனவோ இரயிலும் பள்ளிக்கூடமும் தேர்வும். பழைய கதையில் நந்தனார் தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற பிறகே கோயிலுள் நுழைகிறார். கிந்தன் எந்தத் தீயிலும் மூழ்கவில்லை, புத்தகத்தில் மூழ்கினான். அந்த ஒரு மாற்றத்தால் எவரையும் திட்டாமலேயே கேள்வி கேட்டுவிட்டார் கிருஷ்ணன். அவர் பிறந்த திருவிதாங்கூரில் 1936இல்தான் அனைவருக்கும் ஆலய நுழைவு உரிமை அறிவிக்கப்பட்டது என்பதையும், அப்போது அவருக்கு இருபத்தேழு வயது என்பதையும் நினைத்தால், இக்கதை அவருக்கு ஏட்டுச் செய்தியன்று என்பது விளங்கும்.

பின்னர் மணமகள் (1951), பணம் (1952) ஆகிய படங்களை அவர் இயக்கினார். இரண்டுக்கும் உரையாடல் மு. கருணாநிதி. மணமகளில் பத்மினி நாயகியாக நடித்தார். பணம் சிவாஜி கணேசனின் இரண்டாம் படம். விசுவநாதனும் இராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்த முதற்படமும் அதுவே. 1951இல் திரைத்துறையினர் குழுவுடன் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். காந்தியடிகளிடம் பற்றுக்கொண்ட அவர், தம் செலவில் நாகர்கோவிலில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினார். அடிகளின் வாழ்வை வில்லுப்பாட்டாகவும் மேடைகளில் நிகழ்த்தினார். காந்தியப் பற்றும் அண்ணாவின் நட்பும் ப. ஜீவானந்தத்தின் தோழமையும் ஒருவரிடத்திலேயே முரணின்றி இருந்தன. கட்சி எல்லைகள் இறுகிவந்த காலத்தில் இது எளிதன்று.

ஈட்டிய பொருள் கையில் தங்கவில்லை. கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கொடுத்தார். நலிந்த கலைஞர்க்கு அவர் வீடு அன்னசாலையாக விளங்கியது. இறுதி ஆண்டுகளில் பொருள்முடையும் நோயும் சேர்ந்தே வந்தன.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்தவர் ஊரார் மதிக்கும் மருத்துவர். அண்ணாவுக்கு ஆதரவாகப் பேச வந்த கிருஷ்ணன், அந்த மருத்துவரின் தொண்டையும் கைராசியையும் நெடுநேரம் புகழ்ந்துகொண்டே போனாராம். கட்சிக்காரர் திகைத்தனர். இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் நோயுற்றவர் என்ன செய்வது, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியின் மதிப்பில் ஓர் அணுவும் குறையவில்லை. கூட்டம் மட்டும் சிரித்தது. ஒரு காட்சியை எவ்வாறு தொடங்கி, எவ்வளவு நேரம் இழுத்து, எந்தச் சொல்லில் திருப்ப வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக எழுதிப் பழகிய கை அப்பேச்சிலும் தெரிகிறது. அண்ணா அத்தேர்தலில் வென்றார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1956 நவம்பர் முதல் நாள், கிருஷ்ணன் பிறந்த ஊர் தமிழ்நாட்டோடு இணைந்திருந்தது. அதன்பின் ஓராண்டு நிறைவதைக் காண அவர் இருக்கவில்லை. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது வயது நாற்பத்தெட்டு. சென்னை தியாகராய நகரில் நிற்கும் அவர் சிலையை 1969 ஜனவரி 14ஆம் நாள் முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். கடும் நோயோடு வந்து அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

1937இல் அம்பிகாபதியில் நடித்த கிருஷ்ணன், அதே கதை சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் படமானபோது அதிலும் நடித்திருந்தார். அவர் மறைந்து இரு மாதங்களுக்குள் அது வெளிவந்தது. அவரும் மதுரமும் நடித்த ராஜா தேசிங்கு 1960இல்தான் திரைக்கு வந்தது. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. திரையில் இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்க, கொட்டகை சிரித்துக்கொண்டிருந்தது.